மீன் போடாத மீன் குழம்பு

கங்கம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் தலையில் மீன் கூடை இருந்தது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, அதே குப்பத்தில் நான்கு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு, விடிவதற்குள் படகுத்துறையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கொண்டுபோய் விற்றவள். இறாலை உரித்துக்கொண்டே சண்டை போடுவாள். சண்டை போட்டுக்கொண்டே எடை போடுவாள். இரண்டிலும் ஏமாற மாட்டாள். படிப்பு இரண்டாம் வகுப்பு. "இன்னும் ரெண்டு வருசம் போயிருந்தா டீச்சரம்மாக்குத்தான் பேஜாரு" என்பாள்.

அவள் புருஷன் கலியன் ஏரியிலும் கடலிலும் வலை வீசியவன். புயலில் இரண்டு முறை படகு கவிழ்ந்தும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பியவன், சென்ற வைகாசியில் கரையில் இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் பாசி வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். குப்பம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. உடைந்த எலும்பைவிட அந்தச் சிரிப்புத்தான் கலியனுக்கு அதிகம் வலித்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கும்மிடிப்பூண்டியில் பயிற்சிக்கு வர வேண்டும். வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். தரையில் குந்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

குந்தக் கூடாது என்பது டாக்டருக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக்காரிக்கு அது பெரிய வேலை. குப்பத்து வீட்டில் நான்கு படி, சுற்றிலும் மணல், பின்னால் குந்துகிற கக்கூஸ். எண்பது கிலோ ஆண்பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்கி உட்கார வைக்க முடியும்? முதல் மூன்று நாளிலேயே கங்கம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் மகன் மணிகண்டனுக்குப் போன் போட்டாள். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, ஐந்து பேரோடு இரண்டாவது மாடி அறை ஒன்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தான்.

"டேய், கீழ்ஊடா இருக்கணும். படி இருக்கக் கூடாது. வாக்கரு நுழையற வாசப்படி. நாற்காலி மாரி உக்கார்ற கக்கூஸ். மத்ததெல்லாம் எப்டி வேணா இருக்கட்டும்."

"எம்மா, இந்த ஊர்ல கம்பெனி ஆளுங்களுக்குக் கட்ன ஊடுங்கோ. கக்கூஸ் இருந்தாலே பெரிசு."

ஒரு வாரம் அலைந்து ஒரே ஒரு வீடு கிடைத்தது. அது சம்பூர்ணத்தின் வீடு.

சம்பூர்ணத்துக்கு அறுபத்துநான்கு வயது. பொன்னேரிக்கு அருகில் ஆரணிப் பக்கம் நெல் நிலம் உள்ள குடும்பம். புருஷன் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் மூன்று போர்ஷன் கட்டி, ஒன்றில் தானும் இருந்தாள். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பதால் மூன்றிலுமே உட்காருகிற கக்கூஸ் வைத்திருந்தாள். வாக்கரையும் பார்த்தாள், கலியனையும் பார்த்தாள். பிறகு கங்கம்மாவைப் பார்த்தாள். அதற்கு முன் மூக்கு முந்திக்கொண்டது.

"நீங்க எந்தப் பக்கம்?"

"பழவேற்காடும்மா."

"தோணுச்சு. இங்க பாரும்மா, ஆறு வாரம்னாலும் சரி, ஆறு வருஷம்னாலும் சரி. என் ஊட்டுக்குள்ள மீனு, கறி, கருவாடு, முட்ட எதுவும் கூடாது. வாசன வந்துச்சுன்னா அன்னிக்கே காலி. கால் ஒடஞ்சவர்னு பாக்க மாட்டேன்."

"வராதும்மா" என்றாள் கங்கம்மா. முப்பது வருஷம் கெட்டுப்போன மீனைப் புதுசு என்று சொல்லாதவள் அவள். சொன்னால் சொன்னதுதான். என்ன சமைப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

குடிவந்த அன்று சம்பூர்ணமே பால் வாங்கிக் கொடுத்துக் காய்ச்சச் சொன்னாள். மரியாதைக்குக் கலியன் ஒரு டம்ளர் குடித்தான். அந்தக் குடும்பத்தில் பசுவுக்கும் எருமைக்கும் எந்தக் காலத்திலும் பழக்கமில்லை. டீ என்றால் பால் விடாத வரடீதான். அன்று மாலைக்குள் கலியன் ஐந்து முறை வாக்கரோடு கக்கூசுக்கு ஓடினான். அந்த வாரத்துக்கு அதைவிட நல்ல நடைப்பயிற்சி இல்லை. ஆனால் அன்றோடு பாலும் மோரும் நெய்யும் அடுப்படியிலிருந்து விலகின. மீனை வீட்டுக்காரி தடுத்தாள், பாலை வயிறு தடுத்தது. மிச்சமிருந்தது மண்ணில் முளைத்தது மட்டும்.

முதல் நாள் கங்கம்மா கத்திரிக்காய் சாம்பார் வைத்தாள். மீன் குழம்பு வைக்கிறவள் கடைசியில் மீனைப் போடுவாள், ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவாள். கரண்டி போட்டுக் கிண்டமாட்டாள், மீன் உடைந்துவிடும். பாத்திரத்தின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். கங்கம்மாவின் கை கத்திரிக்காயையும் அப்படியே நடத்தியது. கடைசியில் போட்டாள், ஒரு கொதியில் இறக்கினாள், நடுவில் இரண்டு சுழற்று. மேலே கத்திரிக்காய் பச்சையாக மிதந்தது. கீழே பருப்பு பிடித்துத் தீய்ந்துபோயிருந்தது.

கலியன் ஒரு துண்டை வாயில் போட்டு, கறுக்கென்று கடித்து, எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"இன்னாமே இது?"

"கத்திரிக்கா."

"செத்துச்சா, இல்ல உசுரோட கீதா?"

"துன்னா துன்னு, இல்லாங்காட்டி மூடி வைக்கிறேன்."

மூடி வைத்தாள். அவன் பசியோடு படுத்தான். அந்த வாரம் முழுக்க ஏறக்குறைய இதேதான். கங்கம்மா கெஞ்சவில்லை, ஊட்டியும் விடவில்லை. நோயாளியைக் கெஞ்ச ஆரம்பித்தால் அவனுக்குப் பசியைவிடக் கெஞ்சல் ருசித்துப்போகும். ஆனால் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டது.

இரண்டாம் வாரம் பயிற்சி கொடுக்கும் ஹெலன் கலியனின் தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். சின்னப் பெண், குரல் மட்டும் பெரிது.

"அங்கிள், கால் இளைச்சிக்கினே போவுது. சாப்ட்றீங்களா இல்லியா?"

"மாட்டுத் தீனிம்மா. மனுசன் துன்னுவானா?"

"துன்னலன்னா சதை வராது. சதை வரலன்னா வாக்கர விட முடியாது. உங்க இஷ்டம்." ஹெலன் கங்கம்மா பக்கம் திரும்பினாள். "மீன் இல்லன்னா பரவால்ல ஆன்ட்டி. பருப்பு, பயறு, கொண்டக்கடல, மொச்ச, வேர்க்கடல. தினம் ரெண்டு வேள ஏதாவது ஒண்ணு இருக்கணும். பாலும் இல்லியா? சிட்டில இதுக்கு வீகன்னு பேரு. நானூறு ரூவா குடுத்துத் துன்றாங்கோ."

"குடுக்கட்டும்மா. மெரட்றதுக்கு ஆளு இல்லாதவங்க டப்பு குடுத்துத்தான் துன்னணும்."

அன்று கங்கம்மா உட்கார்ந்து யோசித்தாள். மீனுக்கும் தானியத்துக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு மெல்ல விளங்கியது. மீன் அன்றைக்கு வந்து அன்றைக்குக் குழம்பாகிவிடும். கொண்டைக்கடலைக்கு முந்தின நாளே பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். ஊறவைக்க மறந்தால் மறுநாள் குக்கரே வெடித்தாலும் அது கல்தான். அதனால் தினமும் சாயந்திரம் பாத்திரம் கழுவின கையோடு ஏதாவது ஒன்றை ஊறப்போட்டாள்.

மற்றபடி சைவம் சோம்பேறிக்கு ஏற்ற சமையல் என்று கண்டுபிடித்தாள். செதில் இல்லை, குடல் இல்லை, முள் இல்லை, பூனை இல்லை. காலையில் ஒரே குக்கரில் கீழே பயறு, மேலே கிண்ணத்தில் அரிசி. நான்கு விசில் வருவதற்குள் கலியனைத் துடைத்து, சட்டை மாற்றி, காலை நீட்டி மடக்கவைத்துவிடலாம். பிறகு வெங்காயம், பூண்டு, மிளகாய் தாளித்துப் பயற்றைக் கடைந்தால் முடிந்தது. திங்களன்று பச்சைப்பயறு. செவ்வாயன்று கொள்ளு ரசமும் வறுத்து இடித்த வேர்க்கடலையும். வியாழக்கிழமை முருங்கைக்கீரையைக் கேழ்வரகு மாவில் பிசைந்து அடை. வெள்ளிக்கிழமை மொச்சை. வாழைக்காயை வஞ்சிரம் துண்டு போலக் குறுக்கே நறுக்கி, மிளகாய்த்தூள், புளி தடவிக் கல்லில் போட்டபோது கலியன் முதல் துண்டைப் பழக்க தோஷத்தில் முள் தேடிப் பிட்டான்.

"முள்ளு இல்லியேமே."

"நாளிக்கு ஊசி சொருவித் தர்றேன்."

பாதி தட்டு சாப்பிட்டான். பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு கதை. மணிகண்டன் ஒரு சிநேகிதனின் ஆட்டோவில் குப்பத்துச் சொந்தக்காரர்கள் வைத்த மடவை மீன் குழம்பைத் தூக்கில் கொண்டுவருவான். தெருமுனையில் ஆட்டோ நிற்கும். கலியன் வாக்கரை ஊன்றித் தெருமுனை வரை நடந்துபோய், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே கைகழுவி, வெற்றிலை போட்டு வாயை மறைத்துக்கொண்டு திரும்புவான். சம்பூர்ணம் விதி போட்டது வீட்டுக்கு, ஆட்டோவுக்கு இல்லை. போகும்போது ஐந்து நிமிஷத்தில் போய்விடுவான். வரும்போது அதே தூரம் இருபது நிமிஷம்.

மூன்றாம் வாரமும் ஹெலனின் டேப் ஏறவில்லை. "வாரத்துல ஒரு நாள் துன்னா ஒரு நாள் சதைதான் வரும்" என்றாள்.

கங்கம்மா குறையைத் தன் கையில் தேடினாள். உப்பு சரி, புளி சரி, காரம் சரி. பிறகு அடுப்பில் இருந்த அலுமினியப் பாத்திரத்தைப் பார்த்தாள். இதில் எந்தக் குழம்பு வரும்? மணிகண்டனைக் கூப்பிட்டுக் குப்பத்து வீட்டிலிருந்து தன் மண்சட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பதினெட்டு வருஷச் சட்டி. உள்ளே கறுத்து, வழவழவென்று, கண்ணாடிபோல் இருக்கும்.

மற்றவர்கள் வீட்டில் மீன் சட்டி என்று ஒன்று தனியாக இருக்கும். வேறு எதற்கும் அதைத் தொடமாட்டார்கள். கங்கம்மாவின் வீட்டில் மீனுக்கு இல்லாத சட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால் அது மீன் சட்டி என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரிக்குக் கொடுத்த வாக்கை நினைத்துச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தும் பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. முப்பது வருஷம் மீன் கூடைக்குக் கீழே இருந்த மூக்குக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை அதில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். இப்போது காயை முதலிலேயே வதக்கக் கற்றிருந்தாள். புளி கொதித்தது, மிளகாய் கொதித்தது, பதினெட்டு வருஷ மடவையும் கெளுத்தியும் இறாலும் மண்ணின் துளைகளிலிருந்து எழுந்து வந்தன.

உள்ளறையில் கலியன் எழுந்து உட்கார்ந்தான். யாரும் கைகொடுக்கவில்லை.

"இன்னாமே, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?"

"புதன்."

"சோறு போடு."

ஒரு தட்டு முடித்தான். இன்னொரு தட்டு கேட்டான். மூன்றாவது தட்டுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவு இடிபட்டது.

சம்பூர்ணம் கதவைத் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. கங்கம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வெளியில எடு."

"இன்னாதும்மா?"

"இன்னாதா? என் ஊட்ல பூசை மணி அடிச்சிக்கினு கீறேன், இங்கேர்ந்து மீன் கொழம்பு வாசன மூக்கத் தொளைக்குது. எங்க மீனு?"

"மீனு இல்லம்மா. சத்தியமா இல்ல."

சம்பூர்ணம் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். கத்திரிக்காய்க் காம்பும் மாங்கொட்டையும் உருண்டன. மேடைக்குக் கீழே பார்த்தாள். குக்கர் மூடியைத் திறந்தாள். கடைசியில் கலியனின் தட்டுக்கு முன் குனிந்து நின்றாள்.

"இந்தாய்யா, மறைக்காத சொல்லு. முள்ள எங்க துப்புன?"

"முருங்கக்கா சக்க கீது, வேணுமா?" என்றான் கலியன், வாய் நிறையச் சோற்றோடு.

"யோவ், நீ கம்முனு இரு!" என்று கங்கம்மா அதட்டினாள். அப்போதுதான் சம்பூர்ணத்தின் பார்வை அடுப்பில் இருந்த சட்டியில் விழுந்தது. கிட்டே போனாள். முகர்ந்தாள்.

"எத்தினி வருசச் சட்டி இது?"

"பதினெட்டு."

"இதுல வேற இன்னா கொழம்பு வெச்சிருக்க?"

கங்கம்மாவுக்கு அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "மீனு மட்டுந்தாம்மா. தேச்சித்தான் கழுவுனேன். என் மூக்குக்குத் தெரியல."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணு."

கங்கம்மா திரும்பிக் கலியனைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தட்டு காலியாகியிருந்தது. இன்னும் மூன்று வாரம் பாக்கி. இந்த வீடு போனால் அடுத்த கக்கூஸ் எங்கே இருக்கிறதோ. மீன் விற்றவளுக்கு ஒன்று தெரியும்: ஆள் திரும்பிப் போகும்போது விலையைக் குறைக்கக் கூடாது, சரக்கைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"காலி பண்றேன்மா. வாசன வந்தா காலின்னு சொன்னீங்க, வந்துச்சு. நான் பேச்சு மாறல. ஆனா மீனு போட்டேன்னு பேரோட போவ மாட்டேன். ஒரு வாய் துன்னு பாருங்க. ஒரு செதிலு இருந்தாலும் ஞாயித்துக்கெழம இன்னாத்துக்கு, இன்னிக்கே போறேன்."

"நானா? இதயா?"

"கத்திரிக்காதானேம்மா."

சம்பூர்ணம் நின்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்தாள். கங்கம்மா கிண்ணத்தில் சூடான சோறு போட்டு, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றினாள். சம்பூர்ணம் குற்றவாளியை விசாரிக்கிற முகத்தோடு ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவதற்கு விசாரணை மறந்துவிட்டது. கிண்ணத்தின் அடி தெரிந்ததும், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"கொஞ்சம் சோறு வை."

கங்கம்மா வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடுகிறவளிடம் கேள்வி கேட்டால் சோறு நின்றுவிடும், பதில்தான் வரும்.

பதில் தானாகவே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சம்பூர்ணத்தின் மகன் ஹேமநாத் என்ஜினீயரிங்கில் ஏழு பாடம் பாக்கி வைத்திருந்தான். அவன் தேறினால் இனி மீன் தொடமாட்டேன் என்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். படிக்க வேண்டியது மகன்; பட்டினி அம்மாவுக்கு. ஏழும் தேறி அவன் பெங்களூர் போய், இப்போது தினமும் ஏதாவது ஒரு மீனைச் சாப்பிட்டு அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போடுகிறான்.

"மூணு போர்ஷன்ல ஒருத்தரு மீனு வெச்சாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றாள் சம்பூர்ணம். "ஆரணி ஆத்துல தண்ணி வந்தா எங்க அம்மா கெளுத்தி வெப்பாங்க. அதுக்குத்தான் ஊட்டுக்குள்ளியே கூடாதுன்னு வெச்சேன். சுத்தம், பத்தம்லாம் சும்மா."

"பெருமாள்கிட்ட இன்னா சொல்லி வேண்டிக்கினீங்க? கரீட்டா சொல்லுங்க."

"மீனு துன்ன மாட்டேன்னு."

"சட்டியப் பத்தி ஏதாச்சும் பேசுனீங்களா?"

சம்பூர்ணம் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல."

"அப்போ?" என்றான் உள்ளறையிலிருந்து கலியன்.

சம்பூர்ணம் கிண்ணத்தை வழித்து முடித்து, கையைக் கழுவி, வீட்டுக்காரி முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம காலி பண்ண வேணாம். ஆனா மீனு போட்டியோ, அன்னிக்கே கெளம்பணும். சட்டி இருக்கட்டும். திங்களும் புதனும் எனக்கு ஒரு கிண்ணம். காரம் கொஞ்சம் கொற. பக்கத்து ஊட்டுல கேட்டா வடகம் தாளிச்சேன்னு சொல்லு."

"பொய் சொல்ல மாட்டேன்மா."

"சரி, நான் சொல்லிக்கிறேன்."

கங்கம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். விலை படிந்த பிறகுதான் கொசுறு கேட்க வேண்டும். முப்பது வருஷமாக எதிர்ப்பக்கம் நின்று கொடுத்தவள்.

"கக்கூஸ்ல ஒரு கைப்பிடி வெச்சிக் குடுங்க. செவுத்துல, உக்காந்தா வலது கை எட்ற எடத்துல. இவரு எந்திரிக்கச் சொல்ல என் தோளப் புடிச்சித் தொங்குறாரு. என் எலும்பும் ஒடஞ்சா கொழம்பு யாரு வெக்கிறது?"

சம்பூர்ணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கூடையத் தூக்கிக்கினு போனா கும்மிடிப்பூண்டில ஒருத்தனும் தப்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஆள் வந்து சுவரைத் துளைத்து எஃகுக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினான். திங்கட்கிழமை காலையில் கலியன் கக்கூசுக்குள் போனான். கங்கம்மா வழக்கம்போல் தோளைக் கொடுக்கக் கதவருகே நின்றாள். உள்ளே கைப்பிடியை ஓங்கிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு முனகல். ஒரு கெட்ட வார்த்தை. கால் தரையில் தேய்ந்தது. பிறகு வாக்கர் நிமிர்ந்து இரண்டடி நகர்ந்தது.

"வர்றியாமே?" என்றான் உள்ளேயிருந்து.

"இன்னாத்துக்கு? அதான் எந்திரிச்சிட்டியே."

அடுப்படியில் கொண்டைக்கடலை நான்காவது விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போனாள்.